சைக்கிள் சரித்திரம் – 12: உலைக்களத்தில் ஒரு வீரர்

பூட்டுக் கொல்லராகத் தொழில் பழகியவர் யூஜீன் கிறிஸ்டோப். 1885-இல் பாரிஸை ஒட்டிய மாலகோஃபில் பிறந்தார். தொங்கு மீசைக்காரர் என்பதால் ‘கிழட்டு கால்’ என்று கேலிப் பெயர். ‘கால்’ என்றது பிரெஞ்சுக்காரர்களின் ஆதி முன்னோரான கால் இனத்தாரை. 1910-இல் பனி கொட்டிய மிலான்–சான்ரெமோ பந்தயத்தை வென்றுவிட்டு, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவர்.

1912 டூர் டி பிரான்ஸில் தொடர்ந்து மூன்று கட்டங்களை வென்றார். அதில் ஒன்று, 300 கிலோமீட்டருக்கு மேல் தன்னந்தனியாக ஓட்டியது. ஆனால் அப்போது பட்டத்தைத் தீர்மானித்தது புள்ளிக் கணக்கு. பெல்ஜியத்தின் ஓடில் டெஃப்ரே ஜெயித்தார். நேரக் கணக்காக இருந்திருந்தால், கடைசிக் கட்டம் வரை கிறிஸ்டோப்தான் முன்னணி. மறுவருஷமே விதியை நேரக் கணக்குக்கு மாற்றினார்கள். இந்த முறை நமக்குத்தான் என்று அவர் நினைத்திருந்தால் தப்பில்லை.

1913 ஜூலை 9. பயோனிலிருந்து லூஷோனுக்கு 326 கிலோமீட்டர். டெஃப்ரே வழியிலேயே விலகிவிட, ஒட்டுமொத்த முன்னணி கிறிஸ்டோப்பின் கைக்கு வந்திருந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மாலே கணவாயைத் தாண்டி இறங்கும்போது ஹேண்டில்பார் ஒரு மாதிரி ஆடியது. பார்த்தால், முன்சக்கர ஃபோர்க் முறிந்திருக்கிறது.

புது சைக்கிள் வாங்கிக்கொள்ள முடியாது. பழுது எதுவானாலும் வீரரே சரிசெய்ய வேண்டும், பிறர் கை படக்கூடாது என்பது சட்டம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார். ஏற்றத்தில் அவர் பின்தள்ளியவர்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோக, ஆத்திரத்தில் அழுதுகொண்டே இறங்கியதாகப் பின்னாளில் சொன்னார்.

அடிவாரத்தில் செயின்ட்-மரீ-டி-காம்பான் என்ற ஊர். அங்கே ஒரு கொல்லன் பட்டறை. பட்டறைக்காரர் இரும்புக் குழாய் எடுத்துக் கொடுத்தார், எப்படிச் செய்யலாம் என்று வாயால் யோசனை சொன்னார், சுத்தியலைத் தொடவில்லை. காய்ச்சி, அடித்து, ஒட்டவைத்தது முழுக்க கிறிஸ்டோப். பழகிய தொழில் கைகொடுத்தது. நடுவர்கள் கண் இமைக்காமல் நின்று பார்த்தார்கள். ஒரு கையில் குறடு, மறு கையில் சுத்தியல். உலை அணையாமல் ஊதுவது யார்? பட்டறைச் சிறுவன் ஒருவன் துருத்தியை அழுத்தினான்.

அதற்குத்தான் தண்டனை! பிறர் உதவி பெற்றதாக 10 நிமிஷம். பிறகு மனம் இரங்கி 3 நிமிஷமாகக் குறைத்தார்களாம். கிட்டத்தட்ட நாலு மணி நேரத்தை இழந்து லூஷோன் வந்து சேர்ந்தவருக்கு அந்த மூன்று நிமிஷம் எந்த மூலைக்கு? பாரிஸில் ஏழாவதாக முடித்தார். பட்டம் ஃபிலிப் தீஸுக்கு.

பட்டறைக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ 1919-தான் பெரிய கொடுமையாகப் படுகிறது. முதல் உலகப்போர் அவருடைய நல்ல வருஷங்களைத் தின்றுவிட்டது; வயது 34. போருக்குப் பின் துணித் தட்டுப்பாடு, பெரும்பாலான வீரர்களுக்கு ஒரே சாம்பல் நிறச் சட்டை. முன்னணியில் இருப்பவர் யார் என்று அடையாளம் தெரிய, ஜூலை 19 அன்று கிரெனோபிளில் கிறிஸ்டோப்புக்கு மஞ்சள் சட்டை போட்டுவிட்டார்கள். பந்தயத்தை நடத்திய ‘லோத்தோ’ பத்திரிகையின் தாள் நிறம் அது. சாலையோரக் கூட்டம் ‘கேனரிக் குருவி’ என்று கிண்டலடித்தது.

பாரிஸுக்கு இரண்டே கட்டம் பாக்கி. மெட்ஸ்–டன்கெர்க், 468 கிலோமீட்டர். கையில் 28 நிமிஷ முன்னிலை. வலென்சியென் அருகே மறுபடியும் ஃபோர்க் உடைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பெல்ஜியத்தின் ஃபிர்மின் லாம்போ முந்திவிட்டார். கிறிஸ்டோப்புக்கு மூன்றாமிடம். மனசு கேட்காத ‘லோத்தோ’ வாசகர்கள் 13,000 பிராங்குக்கு மேல் வசூலித்துக் கொடுத்தார்கள். ஜெயித்தவருக்குக் கிடைத்ததோ 5,000.

1922-இல் கலிபியே மலையில் மூன்றாவது தடவையும் ஃபோர்க் போனது.

டூர் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லாமலே ஓய்வுபெற்று, 1970-இல் காலமானார். செயின்ட்-மரீ-டி-காம்பானில் அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இன்று அவர் பெயரில் நினைவுப் பலகை இருக்கிறது.

(தொடரும்)