திறக்க மறுத்த விளையாட்டும் அதன் பின்னுள்ள வரலாறும்



பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், 1990களின் இறுதியில், தமிழ்ச் சொல் விளையாட்டுக் குறுவட்டு ஒன்றை வாங்கியிருந்தேன். சிதறிக் கிடக்கும் எழுத்துகளை இழுத்து வைத்துச் சொல்லாக்க வேண்டும், அவ்வளவுதான். அண்மையில் அலமாரியைத் துப்புரவு செய்தபோது அது கைக்குக் கிட்டியது. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டலாம் என்று ஆசையோடு விண்டோஸ் 11 கணினியில் இட்டேன். இம்மென்பொருள் இக்கணினியில் இயங்காது என்று ஒரே வரியில் விடை வந்துவிட்டது.

காரணம் எளிது. அக்காலத்து விளையாட்டுகள் பல 32 பிட் முறையில் எழுதப்பட்டிருந்தாலும், அவற்றைக் கணினியில் பதிக்கும் நிறுவி மட்டும் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் முறையிலேயே இருந்தது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரலுக்கு இடமே வைக்கப்படவில்லை. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். ஆக, வீடு நல்ல நிலையில்தான் இருக்கிறது. வாயிற்கதவின் சாவிதான் செல்லாக்காசாகிவிட்டது.

வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றபின், விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி அதற்கில்லாமையால் லினக்ஸ் நிறுவி வைத்திருந்தேன். அதில் 'வைன்' என்னும் மென்பொருளின் துணையோடு குறுவட்டை இட்டேன். விண்டோஸ் தன் பழைய பிள்ளையைக் கைவிட, அயலாராகிய லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும் என்பது என் எண்ணம். எண்ணம் பொய்க்கவில்லை, ஆனால் உடனே பலிக்கவும் இல்லை.

வைனின் வரலாறு சுவையானது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். ஈராண்டுக்குள், 1993இல், விண்டோஸ் 3.1 மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் முயற்சி தொடங்கிவிட்டது. 1994 முதல் அதனை அலெக்சாந்தர் ஜூலியார் வழிநடத்தி வருகிறார். வைன் ஒரு போலிக் கணினியை உருவாக்குவதில்லை. விளையாட்டு விண்டோஸிடம் "சாளரம் ஒன்று திற", "இக்கோப்பைப் படி" என்று கேட்பதை லினக்ஸுக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தருகிறது. மொழிபெயர்ப்பாளர் வேலைதான். மூலமொழியின் அகராதியை மைக்ரோசாப்ட் முழுமையாக வெளியிடாததால், கேட்டுக் கேட்டே கற்க வேண்டியிருந்தது. முதற்பதிப்பு என்னும் 1.0 வெளிவந்தது 2008 ஜூன் 17இல். பதினைந்து ஆண்டுகள்!

விளையாட்டுகள் அம்மொழிபெயர்ப்பாளருக்கு மிகக் கடினமான மாணவர்கள். 1995இல் விண்டோஸ் 95ஐ அடுத்து டைரக்ட்எக்ஸ் வந்தது. படத்தையும் ஒலியையும் வன்பொருளுக்கு விரைவாக அனுப்பும் வழி அது. அதன் புதுப்புதுப் பதிப்புகளைத் துரத்துவதே வைனுக்கு வேலையாயிற்று. கனடாவின் டிரான்ஸ்கேமிங் நிறுவனம் வைனின் நிரலைக் கொண்டே விளையாட்டுகளுக்கென ஒரு பதிப்பை விற்றது. உரிமம் அதற்கு இடந்தந்தது. எடுத்தவர் திருத்தியதையும் திருப்பித் தர வேண்டும் என்று 2002இல் வைன் தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது. அம்முடிவு நியாயமானதென்றே நான் கருதுகிறேன். பின்னர் டைரக்ட்எக்ஸின் கட்டளைகளை வல்கன் என்னும் வரைகலை முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகேவை பிலிப் ரெபோல் எழுதினார். 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் அதனையும் வைனையும் சேர்த்துப் 'புரோட்டான்' என வெளியிட்டது. அன்று அந்நிறுவனம் உறுதியளித்த விளையாட்டுகள் இருபத்தேழே. இன்று லினக்ஸில் ஓடுபவை பல்லாயிரம்.

நிற்க. என் குறுவட்டுக்கு வருகிறேன்.

இருமுறை சொடுக்கினேன், ஓசையுமில்லை, அசைவுமில்லை. இத்தகைய ஊமைத்தனம் கண்டால் முனையத்தைத் திறந்து, அங்கிருந்து வைன் வழியாக விளையாட்டை அழைக்க வேண்டும். எக்கோப்பு இல்லை என்பதை அது வரிவரியாகச் சொல்லும். என் கணினியில் 64 பிட் வைன் மட்டுமே இருந்தது. 32 பிட் நூலகக் கோப்புகள் இல்லை. அவற்றைச் சேர்த்ததும் நிறுவி உயிர்பெற்றது. விளையாட்டு 640க்கு 480 என்னும் சிறு திரையைக் கேட்டு உடனே மூடிக்கொண்டது. வைனின் அமைப்புப் பக்கத்தில் மெய்நிகர் மேசைத்திரையைத் தேர்ந்து அவ்வளவைக் கொடுத்தேன். திறந்தது!

திறந்தும் பயனில்லை. தமிழெழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் மீசை முளைத்த ஆங்கில எழுத்துகள்.

இதற்கு வைனைக் குறை கூறலாகாது. இது நம் சொந்த வரலாறு. அக்காலத்தில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே. பெரும்பாலும் முற்பாதி ஆங்கிலத்துக்குப் போக, எஞ்சிய இடங்களில் தமிழை அடைத்தனர். எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். கடலிடுக்குக்கு அப்பால், சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். ஆசிரியர்களை உருவாக்கியவர் அவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் அறிஞர்கள் கூடினர். சென்னையில் டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்கள் வகுக்கப்பட்டன. 2001இல் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடமிருந்தபோதிலும், விண்டோஸ் அதனை ஏற்றது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான்.

என் விளையாட்டு அதற்கு முந்தியது. அது தன் எழுத்துருவைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறது. அப்பெயரில் எவரும் இல்லாமையால் வைன் வேறோர் எழுத்துருவை அனுப்பிவிட்டது. குறுவட்டின் மூலையில் அந்த எழுத்துருக் கோப்பு கிடந்தது. வைன் தனக்கென வைத்திருக்கும் விண்டோஸ் கோப்புறைக்குள் எழுத்துருப் பகுதியில் அதனைப் படியெடுத்து வைத்து, மீண்டும் திறந்தேன். 'ழ'கரம் கொம்பும் காலும் சிதையாமல் வந்து நின்றது. பழைய குறுவட்டு வைத்திருப்போர் அந்த எழுத்துருக் கோப்பைத் தனியே எடுத்து வையுங்கள். அது தொலைந்தால் விளையாட்டு இருந்தும் தமிழ் இராது.

பெற்றோர்க்கு ஒரு செய்தி. பிள்ளைகள் கேட்கும் எல்லா விளையாட்டுக்கும் இவ்வழி உதவாது. வேலொரன்ட் போன்றவற்றில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் நிரல் விண்டோஸின் கருவறை வரை செல்வது. வைனிடம் அத்தகைய கருவறை இல்லை. அவற்றுக்காக இரவெல்லாம் கண்விழித்தல் வீண். குறுவட்டுப் பூட்டுகளும் அவ்வினமே. சேஃப்டிஸ்க் பூட்டிட்ட பழைய விளையாட்டுகளை 2015இல் விண்டோஸ் 10 தானே ஓட்ட மறுத்துவிட்டது.

என் விளையாட்டில் ஒலி மட்டும் இன்னும் விட்டுவிட்டு வருகிறது. 'பழம்' என்று சொல்ல வேண்டிய குரல் 'ப' என்று நின்று, மூச்சு வாங்கி, 'ழம்' என்கிறது. மாணவர்கள் அதனைக் கேட்டு அப்படியே சொல்லிச் சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் அதனையும் பார்க்க வேண்டும்.