குமரி மாவட்டத்தில் மதுவும் சமூகமும்

குடிப்பழக்கம் பொதுவாகத் தனிமனிதரின் ஒழுக்கக் குறையாகவோ உடல்நோயாகவோ பேசப்படுகிறது. ஆனால் எந்தப் போதைப்பொருள், எவ்வளவு செறிவில், என்ன விலைக்கு, எத்தனை கடைகளில் கிடைக்கும் என்பதைக் குடிப்பவர் முடிவு செய்வதில்லை. உற்பத்தி முறை, வரி, வணிகம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. குமரி மாவட்டத்தின் கடந்த இருநூறு ஆண்டுக்கால வரலாறு இதற்கு நல்ல சான்று. ஒரு காலத்தில் பனங்கள் இறக்கிய ஊர்களில் இன்று கள் இறக்குவது குற்றம். ஆலையில் தயாராகும் மதுவோ அரசு நிறுவனத்தின் கடையில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. இந்த மாற்றம் நிகழ்ந்த விதத்தையும், ஒவ்வொரு கட்டத்திலும் பழி யார்மீது விழுந்தது என்பதையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

பனையும் பருவமும்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பகுதிகளில் வயலும் குளமும் மருதநில வாழ்வுக்கு அடிப்படையாக இருந்தன. மேட்டுநிலத்திலும் கடற்கரையை ஒட்டிய மணற்பரப்பிலும் பனையே வாழ்வாதாரமாக இருந்தது. பனையேறி ஒரு நாளில் இருமுறை மரமேறி, பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். குமரி மாவட்டத்தில் இதை அக்கானி என்பார்கள். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அது நொதித்துக் கள்ளாகிவிடும்.

கள்ளுக்கு இயற்கையான வரம்புகள் சில இருந்தன. அது பருவத்தில் மட்டுமே கிடைத்தது. ஒரு நாள் கழிந்தால் புளித்துப்போகும். தொலைதூரச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. அதில் ஆல்ககால் ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே. கள் குடித்துக் கெட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் இருப்பதே அந்தத் தீமை எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று. ஆயினும் ஓர் ஊரில் எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு மரமும் பருவமும் ஓர் எல்லை வகுத்திருந்தன.

அப்காரிக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மது அரசு வருவாயின் முக்கியமான ஊற்றாக மாறியது. சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கள் இறக்கும் மரத்துக்கு வரி விதிக்கப்பட்டது. கடை நடத்தும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. சாராயம் வடிப்பது உரிமம் பெற்ற வடிசாலைகளுக்குள் அடக்கப்பட்டது. குமரிப் பகுதி அப்போது திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. உப்பிலும் புகையிலையிலும் முற்றுரிமை கொண்டிருந்த அந்த அரசும் அப்காரிக் குத்தகை முறையைக் கையாண்டது.

ஏலமுறையின் விளைவு எளிதில் புரியக்கூடியது. பெருந்தொகை கட்டிக் கடையை எடுத்த குத்தகைதாரர் அந்தப் பணத்தையும் அதற்கு மேல் லாபத்தையும் ஓராண்டுக்குள் ஈட்டியாக வேண்டும். ஆகவே புதிய குடிகாரர்களை உருவாக்குவதும் பழைய குடிகாரர்களைக் கூடுதலாகக் குடிக்க வைப்பதும் அவருக்கு அவசியமாயின. அடுத்த ஆண்டு ஏலத்தொகை உயர்ந்தால் அரசுக்கும் லாபம். குடி பெருகுவதில் இருதரப்புக்கும் நலன் இருந்தது.

ஆனால் பழி விழுந்த இடம் வேறு. ஆங்கிலேயர்களின் ஆவணங்கள் பனையேறும் சமூகங்களைக் கள் இறக்குவோர் என்றே குறித்தன. அவர்களில் பெரும்பாலோர் காய்ச்சியது கருப்பட்டிதான். குத்தகை எடுத்தவருக்கும் வரி வாங்கிய அரசுக்கும் ஒட்டாத இழிவு மரமேறியவரின் சாதிமீது ஒட்டியது.

சீர்திருத்த இயக்கங்கள்

இந்த இழிவிலிருந்து மீளும் முயற்சிகள் அச்சமூகங்களுக்குள்ளிருந்தே எழுந்தன. குமரி மாவட்டத்தின் மருந்துவாழ்மலையில் தவமிருந்த ஸ்ரீ நாராயணகுரு, கள் இறக்குவதைத் தொழில்களில் ஒன்றாகக் கொண்ட ஈழவர் சமூகத்தில் பிறந்தவர். மதுவை நஞ்சு என்று குறிப்பிட்டு, அதைச் செய்யவோ கொடுக்கவோ குடிக்கவோ கூடாது என்று அவர் 1920களின் தொடக்கத்தில் அறிவுறுத்தினார். குடிப்பதோடு நில்லாமல் உற்பத்தியையும் விற்பனையையும் அவர் ஒரே வரிசையில் வைத்தது கவனிக்கத்தக்கது.

அதே காலத்தில் காங்கிரஸ் இயக்கம் கள்ளுக்கடை மறியலைத் தொடங்கியது. ஈரோட்டைச் சேர்ந்த ஈ.வெ. ராமசாமி தம் தோப்பிலிருந்த 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டினார். அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றார்கள். ராஜாஜி 1929இல் ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழைத் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து நடத்தினார்.

மதுவிலக்கும் வரியும்

ராஜாஜி முதல்வரானபோது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் அது விரிவடைந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. மது வருமானம் இல்லாமல் அரசு நடத்துவதற்கு இட்ட அடித்தளம் இது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 அன்று மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது.

அக்காலத் திரைப்படத்திலும் இந்த மனநிலை தெரிகிறது. நாகர்கோவிலில் பிறந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் மதுவிலக்கை ஆதரிக்கும் பாத்திரத்தில் நடித்தார். அதன் திரைக்கதை சி.என். அண்ணாதுரையுடையது.

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மதுவிலக்குக் காலத்திலும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. 1971 ஆகஸ்டு 30 அன்று நிதிநெருக்கடியைக் காரணமாகக் காட்டி மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974இல் அது மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1981இல் எம்.ஜி. ராமச்சந்திரன் ஆட்சியில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி அனுமதி கிடைத்தது. வருவாய்த் தேவை ஏற்படும்போது கடை திறப்பதும், எதிர்ப்பு வலுக்கும்போது மூடுவதுமாகக் காலம் கழிந்தது.

புட்டியும் முற்றுரிமையும்

1983இல் மது மொத்த வணிகத்துக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) தொடங்கப்பட்டது. 1987இல் கள்ளும் 1991இல் மலிவுச் சாராயமும் தடை செய்யப்பட்டன. ஊரில் உற்பத்தியாகும் மதுவுக்குச் சட்டப்படி இடமில்லாமல் போனது. கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தைக் கொண்டு ஆலைகளில் தயாராகும் மதுவகைகளே எஞ்சின.

புட்டி மதுவுக்குக் கள்ளின் வரம்புகள் எதுவும் இல்லை. அது கெடாது. எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் ஒரே சுவையில் கிடைக்கும். 180 மில்லி கொண்ட குவார்ட்டர் புட்டி தினக்கூலி பெறுபவரும் அன்றாடம் வாங்கக்கூடிய அளவில் அமைந்தது. அதில் ஆல்ககால் 42.8 விழுக்காடு. கணக்கிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கள்ளில் உள்ள ஆல்ககால் ஒரு சிறு புட்டிக்குள் அடங்கிவிடுகிறது. சில நிமிடங்களில் குடித்து முடிக்கலாம். வேகமாகவும் மலிவாகவும் எப்போதும் கிடைப்பதாகவும் இருக்கும் போதையே பழக்கத்தை எளிதில் அடிமைத்தனமாக்குகிறது.

2003ஆம் ஆண்டு இதில் முக்கியமானது. ஏழைக் குடும்பங்களைச் சீரழிக்கிறது என்ற காரணத்தால் அந்த ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பர் 29 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் ஏற்றுக்கொண்டது. இதற்கான சட்டத்திருத்தம் ராஜாஜி காலத்து 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்திலேயே செய்யப்பட்டது. 2003–04இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய் 2023–24இல் 45,800 கோடியைத் தாண்டியது. இந்த வருவாயைக் கவனிக்கும் துறையின் பெயரில் மதுவிலக்கு என்ற சொல் இன்றும் இருக்கிறது.

தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை உண்டு. நிறுவனங்கள் அதே பெயரில் சோடாவையும் குடிநீரையும் இசைத்தட்டையும் விளம்பரப்படுத்தின. பண்டிகை, நட்பு, வெற்றி, காதல் தோல்வி என எல்லாவற்றுக்கும் குடியே துணை என்று திரைப்படங்கள் காட்டின. விற்கப்படும் புட்டியிலேயே குடியின் கேடு பற்றிய எச்சரிக்கையும் அச்சிடப்பட்டது. எச்சரித்தாகிவிட்டது என்பதால் அதன்பின் நேர்வதற்கெல்லாம் வாங்கியவரே பொறுப்பு என்றாகிறது.

உண்ணாமலைக்கடை, 2015

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள் மதுவிலக்குக் கோரிப் பல போராட்டங்களை நடத்தியவர். 2013இல் சென்னையில் 30 நாட்களுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார். 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில், மக்கள் எதிர்த்துவந்த ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின்மீது ஏறிப் போராடினார். அன்றே அவர் உயிரிழந்தார்.

அவருடைய மரணம் மாநிலம் முழுவதும் போராட்டங்களைத் தூண்டியது. மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன் அக்டோபரில் கைது செய்யப்பட்டார். 2016 சட்டமன்றத் தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் மதுவிலக்கை வாக்குறுதியாக அளித்தன. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் 500 கடைகள் வீதம் மூடப்பட்டன. கடைகள் குறைந்தும் வருவாய் குறையவில்லை.

நோயும் பழியும்

குடியை நோயாகக் காணும் பார்வை 1849இல் சுவீடன் மருத்துவர் மாக்னஸ் ஹஸ் எழுதிய நூலிலிருந்து வலுப்பெற்றது. 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் அதைப் பரவலாக்கியது. தமிழகத்தில் 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை இத்துறையில் முன்னோடி. குடிகாரன் என்ற வசைக்கு மாற்றாகக் குடிநோயாளி என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. குடிப்பவரை இழிவிலிருந்து மீட்டது இந்தப் பார்வையின் பெரிய நன்மை.

எனினும் நோய் என்ற சொல்லும் காரணத்தைக் குடிப்பவரின் உடலுக்குள்ளேயே தேடுகிறது. மிகுதியாகக் குடிக்கும் ஒரு சிறு பகுதியினரே மது விற்பனையில் பெரும்பங்கை வாங்குகிறார்கள் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. எல்லோரும் அளவாகக் குடித்தால் இந்த வணிகம் இன்றைய அளவில் நிற்காது. அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் கோர்ட்ரைட் 2019இல் எழுதிய நூலில், மூளையின் இன்ப உணர்வைக் குறிவைத்து மிகைநுகர்வை வளர்க்கும் வணிகத்தை முதலாளித்துவத்தின் தனி வகையாகவே விவரிக்கிறார். மது, சிகரெட், கைப்பேசிச் சூதாட்டம் அனைத்தும் அதில் அடங்கும். லாட்டரியைத் தடை செய்த தமிழகம் 2022இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. கடை மூடுவதும் தனித்துத் தீர்வாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மதுக்கடைகள் திறந்திருந்த காலத்திலேயே அது நிகழ்ந்தது.

மதிப்பீடு

குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி இயங்குகிறது. இப்பால் பனையேறி கள் இறக்கினால் வழக்கு. மரமும் மனிதரும் அதே வகையினர். வேறுபடுவது அரசுகளின் வருவாய் ஏற்பாடு மட்டுமே. முதலில் மரமேறிய சாதியும், பிறகு குடித்த ஏழையின் ஒழுக்கமும், இப்போது நோயாளியின் மூளையும் பழியைச் சுமந்துள்ளன. குத்தகை, ஆலை, கருவூலம் ஆகியவை பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வெளியிலேயே இருந்துவந்தன. 1939இல் மது வருவாய்க்கு மாற்று தேடியது போன்ற ஒரு முயற்சி பிற்கால அரசுகள் எதனாலும் முழுமையாக மேற்கொள்ளப்படவில்லை. மதுவிலக்கு பற்றிய விவாதம் கடைகளின் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுவதற்கு அதுவே முதன்மைக் காரணம்.