ஆட்டக்காரர் ஆசிரியரான வரலாறு

வென்றவரின் வரலாறே வரலாறு என்று எண்ணுவது பலருக்கு வழக்கம். முடிசூடிய மன்னனின் புகழைக் கல்வெட்டு விரித்துரைக்கும். அவனுக்குப் படைக்கலம் பயிற்றிய ஆசானின் பெயரை அது பெரும்பாலும் கூறுவதில்லை. ஆனால், இந்தியச் சதுரங்கத்தின் அண்மைக்கால வரலாற்றை அவ்வாறு எழுத இயலாது. அதில் ஓர் ஆசிரியரின் பெயரை நீக்கினால் வென்றவர் பலரின் கதை பாதியில் நின்றுவிடும். அவர் சென்னையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ்.

சதுரங்கம் காவிரிப் படுகை மக்களுக்குப் புதியதன்று. காரைக்காலுக்கு மேற்கே, நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் சிவபெருமான் சதுரங்க வல்லபநாதர் என்னும் திருப்பெயரோடு எழுந்தருளியுள்ளார். சதுரங்கத்தில் ஈடிணையற்று விளங்கிய அரசகுமாரியை இறைவனே ஆடி வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் புராணம். பழங்காலத்தில் இவ்விளையாட்டுக்கு இருந்த மதிப்பை இக்கதை காட்டுகின்றது. எனினும், ஒரு விளையாட்டை விரும்புதல் வேறு. அதனை முறையாகக் கற்பித்தல் வேறு.

இக்காலச் சதுரங்கத்தில் இந்தியாவுக்கு முதல் சர்வதேச மாஸ்டர் பட்டத்தை 1961-ஆம் ஆண்டில் ஈட்டியவர் மானுவல் ஆரோன். 1972-இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தோன்றுவதற்கும் அவரே துணைநின்றார். அக்கழகத்தில் ஆடி வளர்ந்த விசுவநாதன் ஆனந்த், 1987-இல் உலக இளையோர் வாகையர் ஆனார். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவ்வாண்டில் ரமேஷ் பன்னிரண்டு வயதுச் சிறுவர். கணிப்பொறியும் இணையமும் வீடுகளை எட்டாத அந்நாளில், ஆட்டக்காரர் பெரும்பாலும் கிடைத்த நூல்களைக் கொண்டு தாமே தட்டுத்தடுமாறிக் கற்றனர்.

ரமேஷ் 2002-இல் பிரிட்டிஷ் வாகையர் பட்டத்தை வென்றார். மறு ஆண்டில் இந்தியாவின் பத்தாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். இப்பட்டம் எளிதில் கிட்டுவதன்று. பன்னாட்டுப் போட்டிகளில் மும்முறை உயர்தகுதியை எய்த வேண்டும். தரவரிசைப் புள்ளியும் 2500-ஐத் தொடவேண்டும். 2007-இல் காமன்வெல்த் வாகையர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டிலேயே, தமது முப்பத்திரண்டாம் வயதில், அவர் போட்டியாட்டத்தை விடுத்தார். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் பார்த்துவந்த பணியையும் துறந்தார். 1999-இல் பதினெட்டு வயதிற்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றவரான தம் மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் இணைந்து, சென்னையில் செஸ் குருகுலம் என்னும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

இம்முடிவின் அருமையை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். மாதந்தோறும் வரும் ஊதியம் உறுதியானது. பயிற்சிப் பள்ளியின் வருவாய் அத்தகையதன்று. தாம் ஆடி வென்றால் புகழ் தமக்கு. மாணவன் வென்றால் புகழ் மாணவனுக்கு. மேலும், ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் மாணவனுக்கு ஒரு காயைக்கூடக் குறிப்பால் காட்டலாகாது என்பது சதுரங்க விதி. ஆகவே, சொல்ல வேண்டியவற்றையெல்லாம் முன்னரே சொல்லி, மாணவனைத் தனித்துச் சிந்திக்கப் பழக்குவதே ஆசிரியர் தொழிலாகின்றது.

ரமேஷ் அவ்வாறு பழக்கிய கலைகளுள் தலையாயது மனக்கணக்கீடு. ‘நான் குதிரையை நகர்த்தினால் எதிரி என்ன செய்வார்? அதற்கு என் மறுமொழி யாது?’ என்று, காயைத் தொடாமலே பல நகர்வுகளை உள்ளத்தில் கண்டு தெளிதல் இது. இதற்கெனக் கடினமான புதிர்நிலைகளைக் கொடுத்து, விடையை மாணவரே நெடுநேரம் முயன்று காணுமாறு செய்தார். 2022-இல் இப்பயிற்சி குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார்.

விளைவு என்ன? அரவிந்த் சிதம்பரம், கார்த்திகேயன் முரளி ஆகியோர் இவரிடம் பயின்று தேசிய வாகையர் ஆயினர். பிரக்ஞானந்தா 2018-இல் பன்னிரண்டு வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023-இல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கார்ல்சனை எதிர்கொண்டு இரண்டாமிடம் பெற்றார். அவருடைய தமக்கை வைஷாலி அவ்வாண்டின் இறுதியில் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டவே, உலகில் இப்பட்டம் பெற்ற முதல் உடன்பிறந்த அக்காள் தம்பி என்னும் பெருமை இருவருக்கும் வாய்த்தது. 2023-ஆம் ஆண்டிற்கான துரோணாச்சாரியர் விருது ரமேஷுக்கு வழங்கப்பெற்றது.

அணிகளை வழிநடத்துவதிலும் அவர் திறம் வெளிப்பட்டது. 2014-இல் நார்வே நாட்டுத் துரோம்சோ நகரில் நிகழ்ந்த ஒலிம்பியாடில் இந்திய அணி வெண்கலம் வென்றபோது அவரே பயிற்சியாளர். 2022-இல் மாமல்லபுரத்தில் இந்தியாவின் முதல் அணி நான்காம் இடத்தில் நிற்க, இளைஞர் நிறைந்த இரண்டாம் அணி வெண்கலத்தைக் கைப்பற்றியது. குகேஷ், நிகால் சரின், பிரக்ஞானந்தா முதலியோர் ஆடிய அவ்வணிக்கும் ரமேஷே பயிற்சியாளர்.

இவ்வெற்றிகள் அனைத்தும் ஒருவராலேயே விளைந்தன என்று கூறுவது பொருந்தாது. பெற்றோரின் உழைப்பும் பிற ஆசிரியரின் பணியும் இவற்றில் உண்டு. 2024-இல் சிங்கப்பூரில் உலக வாகையரான குகேஷைப் பல்லாண்டு பயிற்றியவர் விஷ்ணு பிரசன்னா; அவரும் கிராண்ட்மாஸ்டரே. அதே ஆண்டு புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற இந்திய ஆடவர் அணிக்குத் தலைமை தாங்கிய ஸ்ரீநாத் நாராயணனும் கிராண்ட்மாஸ்டரே. நன்கு ஆடியவர் நன்கு கற்பிக்கவும் முன்வருதல் இன்று ஒரு மரபாகிவிட்டது. அம்மரபைத் தொடக்கத்திலேயே துணிந்து மேற்கொண்டவருள் ரமேஷ் ஒருவர்.

நம் பகுதி உழவர் நாற்றங்காலின் சிறப்பை நன்கறிவர். நாற்று அங்கே முளைக்கும். பறித்து வேறு வயலில் நடப்பெறும். கதிர் அவ்வயலிலேயே முற்றும். ஆயினும் நாற்றங்கால் பழுதானால் அறுவடை இல்லை. ஆசிரியப் பணியும் அத்தகையதே.

சென்னைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோட்டுச்சேரிமேட்டு மாணவரும் இவ்வரலாற்றிலிருந்து கைக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. தோற்ற ஆட்டத்தை ஏட்டில் எழுதுங்கள்; தவறு எங்கே நேர்ந்தது என்று முதலில் நீங்களே தேடுங்கள்; பிறகு ஆசிரியரை அணுகுங்கள். நாளை நீங்கள் தேர்ந்தபின், அடுத்த தெருச் சிறுவனுக்கும் பலகையை விரித்துக் கற்றுக்கொடுங்கள்.