அரசன் சொல்லும் ஊரின் ஏற்பும்: செஞ்சி வட்டாரப் பாரத மரபில் அரவான் திருமணம்

ஆய்வுச் சுருக்கம்

ஒருபால் திருமணம் குறித்து ஓர் அரசர் கூறும் கருத்துக்கும், அக்கருத்தைச் சமூகம் ஏற்பதற்கும் இடையிலான தொலைவை இக்கட்டுரை ஆராய்கிறது. கம்போடிய மன்னர் நொரோடோம் சிகானூக் 2004இல் வெளியிட்ட அறிக்கை ஒப்பீட்டுக்குரிய சான்றாகக் கொள்ளப்படுகிறது. செஞ்சியை மூல வட்டாரமாகக் கொண்ட திரௌபதி வழிபாட்டோடு உறவுடைய அரவான் திருமண மரபு முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கதையிலும் சடங்கிலும் உள்ள இம்மணத்தை இன்றைய சட்ட விவாதத்தின் இரு தரப்பாரும் முழுமையாக வாசிக்கவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: செஞ்சி, மேலச்சேரி, திரௌபதி வழிபாடு, அரவான், கூத்தாண்டவர், ஒருபால் திருமணம்.

முன்னுரை

2004 பிப்ரவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒருபால் இணையர் மணம் புரிந்துகொண்ட காட்சிகளைத் தொலைக்காட்சியில் கண்ட மன்னர் சிகானூக், தாராள மக்களாட்சி நாடாகிய கம்போடியாவும் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் செய்துகொள்வதை அனுமதிக்க வேண்டும் என்று தம் கைப்பட எழுதி வெளியிட்டார். பால் மாறி உடுத்தி வாழ்வோரும் நாட்டில் நன்முறையில் நடத்தப்பட வேண்டும் என்றார். அவரை இகழ்ந்து எழுதியோரும் உண்டு. தாம் அவ்வியல்பினர் அல்லர் எனினும் அவர்களுடைய உரிமையை மதிப்பதாக அவர் விடையிறுத்தார்.

மன்னரின் சொல் உலகெங்கும் செய்தியாயிற்று. கம்போடியச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 1993ஆம் ஆண்டு அரசமைப்பு, மன்னர் அரசராக வீற்றிருப்பார், ஆட்சி செய்யமாட்டார் என்று வரையறுத்திருந்தது. அதே அரசமைப்பு திருமணத்தை ஒரு கணவனுக்கும் ஒரு மனைவிக்கும் இடையிலான இசைவாகவே குறிப்பிடுகிறது. சிகானூக் அவ்வாண்டு அக்டோபரில் முடி துறந்தார். ஆட்சியதிகாரம் உடைய பிரதமர் ஹுன் சென், பெண்ணை விரும்பும் தம் வளர்ப்பு மகளுடன் உறவை முறித்துக்கொள்ளப்போவதாக 2007இல் பொதுமேடையில் கூறினார். அதே உரையில் இத்தகையோரை ஒதுக்க வேண்டா என்று மக்களையும் கேட்டுக்கொண்டார். நாட்டுக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதி என்னும் இப்பிளவு கவனத்திற்குரியது. அண்டை நாடாகிய தாய்லாந்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கு 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருமணச் சமத்துவச் சட்டத்திற்கு மன்னர் ஒப்புதல் அளித்தார். அது 2025 ஜனவரி 23 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கே முதலில் பேசியவை மக்கள் இயக்கமும் நாடாளுமன்றமும். அரசரின் கையொப்பம் இறுதியில் வந்தது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரு வினாவை எழுப்புகின்றன. வழக்கத்திற்கு மாறான ஒரு மணத்தை மணமாக்குவது அரசனின் சொல்லா, ஊரின் ஏற்பா? தமிழகத்தில் இவ்வினாவுக்கு நெடுங்காலச் சான்று ஒன்று செஞ்சி வட்டாரத்தில் உள்ளது.

செஞ்சியும் பாரத வழிபாடும்

செஞ்சி பெரும்பாலும் கோட்டையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்து எழுந்த இக்கோட்டை நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறியது. மராத்தியரின் படைத்துறை நிலக்காட்சிகளுள் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் இவ்வூருக்குக் கோட்டைக்கு வெளியேயும் ஒரு வரலாறு உண்டு. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் பல்லவர் காலக் குடைவரையும் திரௌபதியம்மன் கோயிலும் உள்ளன. திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயிலாக அவ்வழிபாட்டு மரபினர் சுட்டுவது மேலச்சேரிக் கோயிலையே. ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதற்பகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்னும் பொருள்படத் துணைத்தலைப்பிட்டமை இதனாலேயே.

இவ்வழிபாட்டின் தலக்கதையில் செஞ்சி மன்னன் ஒருவன் இடம்பெறுகிறான். சுனீதன் என்னும் அம்மன்னனை அசுரன் ஒருவன் துன்புறுத்த, திரௌபதி மீண்டும் தோன்றி அவனைக் காத்தாள் என்பது கதை. பாரதப் போருக்குப் பின்னும் தொடரும் ஒரு போருக்குச் செஞ்சியே களமாகிறது. இவ்வட்டாரத் திரௌபதி கோயில்களில் பாரதச் சொற்பொழிவு, தெருக்கூத்து, படுகளம், தீமிதி ஆகியன ஒரே விழாவின் உறுப்புகளாக நிகழ்கின்றன. கூத்துகளுள் அரவான் களப்பலி தவறாது இடம்பெறுவது. ஆகவே அரவான் இப்பகுதி மக்களுக்கு ஏட்டில் மட்டும் உள்ள பாத்திரம் அல்லன். ஆண்டுதோறும் கண்முன்னே இறப்பவன்.

அரவான் கதையின் தமிழ் வளர்ச்சி

வடமொழிப் பாரதத்தில் அருச்சுனனுக்கும் நாகர்குலப் பெண்ணுக்கும் பிறந்த இராவான், போரின் எட்டாம் நாளில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். போருக்கு முன் அவனைப் பலியிடும் செய்தி அங்கில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் எழுந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் களப்பலிச் செய்தி காணப்படுகிறது. வில்லிபுத்தூராரின் பாரதத்திலும் களப்பலி உண்டு. அங்கே அரவான் வேண்டுவது சில நாள் போரைக் காணும் வரத்தை, மணத்தை அன்று.

மண விருப்பம் வாய்மொழிக் கதையிலும் கூத்து மரபிலும் வளர்ந்தது. மறுநாள் பலியாக வேண்டியவன் மணமாகாது இறக்க விரும்பவில்லை. மணமாகாது இறந்தவனின் வாழ்வும் ஈமக்கடனும் நிறைவுறா என்னும் தமிழகத்து நம்பிக்கை இவ்விருப்பத்தின் அடிப்படை. ஒருநாள் வாழ்ந்து கைம்பெண்ணாகத் தன் மகளைத் தர எத்தந்தையும் இசையவில்லை. ஆகவே கண்ணன் மோகினியாகி அரவானை மணந்தான். விடிந்தபின் அவனுக்காக மாரடித்து அழுதான். காப்பியத்தில் இல்லாத ஒன்றை மக்கள் மரபு சேர்த்திருக்கிறது என்பதும், சேர்த்தது ஒரு திருமணத்தை என்பதும் வரலாற்று நோக்கில் முதன்மையானவை.

மணமகளான அரசன்

இக்கதையில் அரசர்கள் பலர் உள்ளனர். தருமன் உள்ளான், பெண் தர மறுத்தோர் உள்ளனர். எவருடைய ஆணையும் அரவானுக்கு மணம் செய்துவைக்கவில்லை. துவாரகை வேந்தனாகிய கண்ணன் இம்மணம் தகும் என்று தீர்ப்புரைக்கவில்லை, தானே மணமகளானான். சிகானூக்கின் அறிக்கையோடு ஒப்பிடுகையில் வேறுபாடு தெளிவாகிறது. அங்கே அரசர் பிறருடைய மணத்துக்காகப் பரிந்து பேசினார். அதனால் அவர் இழந்தது சிறிது. இங்கே அரசன் மணத்தின் விளைவாகிய கைம்மையையும் ஏற்கிறான். மக்கள் மரபு ஏற்புக்கு விதித்த விலை அது.

எனினும் இக்கதையை ஒருபால் மணத்துக்கான நேரடிச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. கண்ணன் பெண்வடிவு எய்திய பின்னரே மணம் நிகழ்கிறது. ஆண்–பெண் என்னும் மண அமைப்பு கதைக்குள் குலையவில்லை. அவ்வமைப்புக்குள் யார் நிற்கலாம் என்பதே விரிவடைகிறது.

கூவாகத்து நேர்த்தி

கதை வைத்த இவ்வரம்பைச் சடங்கு கடந்து செல்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில், அரவானே கூத்தாண்டவர் என்னும் பெயரில் மூலக்கடவுளாக உள்ளான். 2019இல் மாவட்டம் பிரியும்வரை செஞ்சியும் கூவாகமும் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருந்தன. சித்திரையில் பதினெட்டு நாள் நடைபெறும் விழாவில் நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கையர் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தேரோட்டத்திற்குப் பின் அழுகளத்தில் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகின்றனர்.

செய்தி ஊடகங்கள் திருநங்கையரை மட்டுமே காட்டுவதால் மறைந்துபோகும் ஒரு செய்தி உண்டு. சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த ஆண்களும் நேர்த்திக்கடனாக இத்தாலியைக் கட்டிக்கொள்கின்றனர். இவர்கள் மனைவி மக்களோடு வாழும் உழவர்கள். நோய் தீர்ந்தமைக்கும் வேண்டுதல் நிறைவேறியமைக்கும் கடன் செலுத்துவோர். பெண்வடிவு எய்தாத ஆண், ஆண் தெய்வத்திற்கு மனைவியாகும் சடங்கை அவன் குடும்பமும் ஊரும் இயல்பாக ஏற்கின்றன. இங்கே எவரும் இதற்கெனக் கொள்கை வகுக்கவில்லை. அரசனின் ஒப்புதலையும் கேட்கவில்லை.

தேசிங்கு: மணத்தின் மேல் வைக்கப்பட்ட நட்பு

செஞ்சியின் வரலாற்று அரசனுள் மக்கள் நினைவில் நிலைத்தவன் தேசிங்கு எனப்படும் தேஜ்சிங். தந்தை சொரூப்சிங் 1714இல் இறந்தபின் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குத் திறை செலுத்த மறுத்து, அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் போரில் இறந்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே இராணிப்பேட்டை எழுந்தது என்பது வழங்கிவரும் செய்தி. கதைப்பாடல் இவ்வரலாற்றோடு ஒரு நண்பனை முதன்மைப்படுத்துகிறது. மகமத்கான் தன் திருமணத்தை விடுத்து அரசனோடு போருக்குச் சென்று மடிகிறான்.

இந்நட்பைக் காதலாக வாசிப்பதற்குக் கதைப்பாடலில் இடமில்லை. ஆனால் திருமணமே மனித உறவுகளுள் தலையாயது என்னும் கருத்தையும் அப்பாடல் ஏற்கவில்லை. சமயம் வேறுபட்ட இரு ஆண்களின் பிணைப்புக்காக ஒரு திருமணம் நின்றுபோவதைக் கேட்போர் குற்றமாகக் கருதவில்லை, சிறப்பாகக் கருதினர். அதே பாடலைக் கேட்ட சமூகத்தில் மனைவிக்கு வாய்த்தது தீ என்பதையும் உடன் நோக்க வேண்டும். மக்கள் நினைவின் பரிவு எல்லோர்க்கும் ஒரே அளவாக அமையவில்லை.

சட்டமும் மரபும்

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஒருபால் உறவைக் குற்றமாக்கியது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் வயதுவந்தோரின் இசைவான உறவை அதிலிருந்து விடுவித்தது. இதற்கிடையே தமிழ்நாடு அரசு 2008இல் அரவாணிகள் நல வாரியத்தை அமைத்தது. அரவான் கதை ஒரு நிருவாகப் பெயராயிற்று. திருநங்கையரின் பாலின அடையாளத்தை ஏற்ற 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அரவான் கதையைக் குறிப்பிட்டது. தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த மணத்தைப் பதிவுசெய்ய மறுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

ஒருபால் மணம் வேறு வினா. 2023 அக்டோபர் 17ஆம் நாள் ஐவர் கொண்ட அரசமைப்பு அமர்வு, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அன்று என ஒருமனதாகக் கூறியது. அவ்வழக்கில் ஒன்றிய அரசு இக்கோரிக்கையை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்று வாதிட்டிருந்தது. இவ்வாதத்திற்குக் கூவாகம் வலுவான மறுப்பாகிறது. பால்வரையறையைக் கடந்த மணச்சடங்கு நகரத்தில் தோன்றியதன்று. புஞ்சை நிலத்து உழவர்களின் நேர்த்திக்கடன் அது.

ஆனால் நம் மரபு இதனை முன்பே ஏற்றுக்கொண்டது என்னும் எதிர்த்தரப்பு வாதமும் கூவாகத்தின் பாதியை மட்டுமே காண்கிறது. அங்குக் கட்டப்படும் தாலி மறுநாளே அறுக்கப்படுகிறது. அம்மணத்தால் வீடில்லை, சொத்துரிமை இல்லை, முதுமையில் துணை இல்லை. தெய்வத்தை மணந்த திருநங்கைக்கு வாடகைக்கு வீடு தர ஊர் இசைகிறதா என்பதே ஏற்பின் உண்மையான அளவுகோல். சடங்கு ஏற்பது ஒருநாளை. கோரிக்கை எஞ்சிய வாழ்நாளைப் பற்றியது.

இவ்விடைவெளியை நோக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் அளித்த தீர்ப்பொன்று துணைசெய்யும். பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட பெண்ணை விடுவித்த அமர்வு, குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று எனக் கூறி, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்னும் கருத்தை ஏற்றது. கூத்தாண்டவர் கோயில் தாலியைத் தந்தது, இல்லத்தைத் தரவில்லை. இத்தீர்ப்பு இல்லத்தை ஏற்றது, மணவுரிமையைத் தர அதற்கு அதிகாரமில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. அரசரின் கருத்து விவாதத்தைத் தொடங்கிவைக்கலாம். மக்கள் மன்றத்தின் வலுவின்றி அது மணமாக முதிர்வதில்லை என்பதைக் கம்போடியா காட்டுகிறது. அரச ஆணையின்றியே ஊர் ஒரு மணத்தை ஏற்க இயலும் என்பதை அரவான் மரபு காட்டுகிறது. சட்டத்தின் துணையற்ற அவ்வேற்பு ஒருநாளில் முடிந்துவிடும் என்பதையும் அதுவே காட்டுகிறது. செஞ்சி வட்டாரத்து மரபை ஒருபால் மணத்திற்கு ஆதரவான பழஞ்சான்று என்றோ தொடர்பற்ற பக்திச் செயல் என்றோ சுருக்குவது வரலாற்று நெறியாகாது. மணமின்றி ஒருவன் சாகலாகாது என்னும் இரக்கத்திலிருந்து ஒரு கதையைப் படைத்துக்கொண்ட சமூகம், மணமின்றி ஒருவர் வாழ நேர்வதை எவ்வாறு நோக்குகிறது என்பதே அம்மரபு இன்றைய ஆய்வாளர் முன் வைக்கும் வினா.