பெட்டியைத் திறந்து வைத்தவர்கள்

அண்மையில் எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர், நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளை என் மேசைமீது வைத்தார். வீட்டுக்கு ஒரு கணிப்பொறியை, உறுப்பு உறுப்பாக வாங்கித் தாமே பொருத்திக்கொள்வது அவர் திட்டம். செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், கிராபிக்ஸ் கார்டு, கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் மின்வழங்கி, இவற்றையெல்லாம் அடக்கும் கேபினட் என ஏழு உருப்படிகள், எதிரே விலைகள், அடியில் கூட்டுத்தொகை. அத்தொகை, அவருடைய தந்தையார் ஒதுக்கியிருந்த பணத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. "எதைக் குறைக்கலாம், சார்?" என்று கேட்டார்.

விடை சொல்லுமுன் அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு உருப்படிகளும் ஏழு நிறுவனங்களின் தயாரிப்புகள். ஒருவரையொருவர் பார்த்தறியாத பொறியாளர்கள், வெவ்வேறு நாடுகளில் வடிவமைத்தவை. எனினும் அவை ஒன்றோடொன்று பொருந்தும் என்பதில் அம்மாணவருக்குச் சிறிதும் ஐயமில்லை. ஒரு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளிலிருந்து கியர்ப் பெட்டியைக் கழற்றி, வேறொரு நிறுவனத்தின் வண்டியில் பொருத்த முடியுமா? முடியாது. அப்படியிருக்க, கணிப்பொறியில் மட்டும் இது எப்படிக் கைகூடிற்று? இது இயற்கையாக அமைந்ததன்று. 1975-க்குப் பிறகு சில மனிதர்கள் எடுத்த முடிவுகளால் விளைந்தது. அம்முடிவுகளின் கதையைத் தெரிந்துகொண்டால், 'எதைக் குறைக்கலாம்' என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

நூறு முனைகள் கொண்ட தடம்

1965-இல் வெளிவந்த பி.டி.பி.-8 என்னும் கணிப்பொறி, 'சிறிய' கணிப்பொறி என்று பாராட்டப்பட்டது. அதன் விலை 18,000 டாலர். தனி மனிதர் எவரும் அதை வாங்க நினைத்துப் பார்த்திருக்க முடியாது. 1971-இல் இன்டெல் நிறுவனம், கணிப்பொறியின் மையப் பகுதி முழுவதையும் ஒரே சிலிக்கான் சில்லில் அடக்கி, 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. அதன் வழிவந்த, திறன் மிக்க 8080 என்னும் நுண்செயலி 1974-இல் வந்தது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கி நகரில் மிட்ஸ் என்றொரு சிறு நிறுவனம் இருந்தது. அதை நடத்திவந்தவர் எட் ராபர்ட்ஸ். மின்னணுக் கணக்கீட்டுக் கருவிகளை விற்றுவந்த அவர், பெரிய நிறுவனங்களின் விலைப் போட்டியால் கடனில் மூழ்கியிருந்தார். கடைசி முயற்சியாக, 8080-ஐக் கொண்டு ஒரு கணிப்பொறியைச் செய்து, பாகங்களாகப் பிரித்தே விற்க முடிவு செய்தார். அந்நுண்செயலியைச் சில்லறையாக வாங்கினால் 360 டாலர்; மொத்தமாகப் பேசி ஏறத்தாழ 75 டாலருக்குப் பெற்றார். 1975 ஜனவரி மாத 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் அக்கணிப்பொறியின் படம் வெளிவந்தது. பெயர் ஆல்டேர் 8800. பாகங்களின் விலை 397 டாலர்!

வாங்கியவருக்குக் கிடைத்தவை ஒரு பெட்டி, சில பலகைகள், ஒரு குவியல் மின்னணு உறுப்புகள். அவற்றை அவரே ஈயப் பற்று வைத்து இணைக்க வேண்டும். விசைப்பலகை கிடையாது, திரையும் கிடையாது. முன்புறம் வரிசையாகச் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் இருந்தன. நினைவகம் 256 பைட்டுகள் மட்டுமே. ஒரு சிறு பத்தியைக்கூட முழுமையாக அதில் அடக்க முடியாது. ஆயினும், சில நூறு பேர் வாங்கினாலே பிழைத்துக்கொள்ளலாம் என்றிருந்த ராபர்ட்ஸுக்கு, சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் ஆர்டர்கள் வந்து குவிந்தன.

வரலாற்றை மாற்றியது ஆல்டேரின் விலை மட்டுமன்று, அதன் உள்ளமைப்பும்கூட. நுண்செயலி, நினைவகத்தோடு பேசுவதற்குக் கம்பிகள் வேண்டும். 8080-இல் எண்களைக் கொண்டுசெல்ல 8 தடங்களும், எந்த இடத்திலிருந்து எடுப்பது என்னும் முகவரியைச் சொல்ல 16 தடங்களும் உண்டு. ஒவ்வொரு தடமும் 0 அல்லது 1 என்னும் இரு நிலைகளில் இருக்கலாமாதலால், 16 தடங்களால் 65,536 இடங்களைச் சுட்டலாம். இத்தடங்களையும், மின்சாரம் வழங்கும் தடங்களையும் ஒன்றாகத் தொகுத்து, வரிசையான செருகுவாய்களின் வழியே ஓடவிட்டார் ராபர்ட்ஸ். இத்தகைய பொதுத்தடத்தைப் 'பஸ்' என்பர். எந்தச் செருகுவாயில் எந்தப் பலகையைச் செருகினாலும் அது வேலை செய்யும். நூறு முனைகள் கொண்ட இணைப்பான்கள் அப்போது மலிவாகக் கிடைத்தமையால்தான் அந்த எண்ணிக்கை அமைந்தது என்று சொல்வதுண்டு.

இதன் விளைவை ராபர்ட்ஸே எதிர்பார்த்திருக்க மாட்டார். நூறு முனைகளில் எது எதற்கு என்று தெரிந்துவிட்டபடியால், பிற சிறு நிறுவனங்கள் ஆல்டேருக்கென நினைவகப் பலகைகளைச் செய்து விற்கத் தொடங்கின. எஸ்-100 என்று பெயர்பெற்ற அத்தடம், 1983-இல் முறையான பொறியியல் தரமாகவே ஏற்கப்பட்டது. 256 பைட்டுகளோடு வாங்கியவர், கையில் பணம் சேரும்போது மேலும் ஒரு பலகை வாங்கிச் செருகிக்கொண்டார். ஒரு வெற்றுச் செருகுவாய் என்பது, பிற்பாடு செய்துகொள்ளக்கூடிய ஒரு செலவு. இந்தக் கருத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இருபத்தைந்து டாலர் நுண்செயலி

1975 மார்ச் 5 அன்று, கலிபோர்னியாவின் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் சுமார் முப்பது பேர் கூடினர். ஆல்டேரைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடிய அந்தக் கூட்டமே 'ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று பெயர்பெற்றது. சுற்றுப்படங்களை ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

அங்கு வந்தவர்களில் ஒருவர், ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் பணிபுரிந்த ஸ்டீவ் வாஸ்னியாக் என்னும் இளைஞர். கணிப்பொறி செய்யும் அறிவு அவரிடம் நிறைய இருந்தது. 8080 வாங்கும் பணம் இல்லை. 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கண்காட்சியையொட்டி, மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 6502 என்னும் தன் நுண்செயலியை 25 டாலருக்கு விற்றது. வாஸ்னியாக் அதைத் தேர்ந்தார். காட்சிக்கு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே பயன்படுத்தினார். இவ்வாறு பிறந்த ஆப்பிள்-1, 1976-இல் 666.66 டாலர் விலைக்கு வந்தது. அது பொருத்தி முடித்த ஒரு பலகை மட்டுமே. மின்வழங்கி, விசைப்பலகை, பெட்டி ஆகியவற்றை வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்டன. மறு ஆண்டில் வந்த ஆப்பிள்-2 முழுமையான கணிப்பொறி. அதில் எட்டுச் செருகுவாய்களை வாஸ்னியாக் அமைத்தார்.

திறந்த பெட்டியும் ஒரு பூட்டும்

பெரிய கணிப்பொறிகளின் உலகை ஆண்டுவந்த ஐ.பி.எம். நிறுவனம், 1980-இல் இச்சிறு கணிப்பொறிகளின் பக்கம் திரும்பியது. புளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் அமைந்த ஒரு சிறு குழுவுக்குக் கொடுக்கப்பட்ட காலம் ஓராண்டுதான். எல்லா உறுப்புகளையும் தாமே செய்வது ஐ.பி.எம்.மின் வழக்கம், ஓராண்டில் அது நடவாது. ஆகவே கடையில் கிடைப்பவற்றைக் கொண்டே செய்தனர். செயலி இன்டெலின் 8088. இயக்கத் தொகுதி மைக்ரோசாப்டினுடையது. 8088-இன் உட்கணக்குகள் 16 இலக்கங்களில் நடந்தாலும், அதன் வெளித்தடங்கள் எட்டுதான். எட்டுத் தடங்களுக்கேற்ற துணைச் சில்லுகள் மலிவாகக் கிடைத்தன. இங்கும் சிக்கனமே வடிவத்தைத் தீர்மானித்தது.

1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். பி.சி. அறிவிக்கப்பட்டது. அடிப்படை விலை 1,565 டாலர். நினைவகம் 16 கிலோபைட்டு. உள்ளே ஐந்து செருகுவாய்கள். பிறர் அதற்குரிய பலகைகளைச் செய்யட்டும் என்பதற்காக, முழுச் சுற்றுப்படங்களையும் ஒரு கையேடாக அச்சிட்டே விற்றது ஐ.பி.எம்.

ஆனால் ஒரு பூட்டு இருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் கணிப்பொறியை விழிக்கச் செய்து, உறுப்புகளோடு பேசும் அடிப்படை நிரல் ஒன்று உண்டு. அதன் பெயர் பயாஸ். அதுவும் அந்தக் கையேட்டில் அச்சாகியிருந்தது. ஆயினும் பதிப்புரிமை ஐ.பி.எம்.முடையது. படியெடுத்தால் சட்டக் குற்றம்.

1982-இல் ஹூஸ்டன் நகரில் தொடங்கப்பட்ட காம்பேக் நிறுவனம் இப்பூட்டை நேர்மையான வழியில் திறந்தது. ஒரு குழுவினர் ஐ.பி.எம். நிரலை ஆராய்ந்து, அது என்னென்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தனர். அந்நிரலைக் கண்ணாலும் பாராத மற்றொரு குழுவினர், அக்குறிப்பைக் கொண்டு புதிய நிரலை எழுதினர். செயல் ஒன்று, எழுத்து வேறு. எனவே பதிப்புரிமை மீறல் இல்லை. 1983-இல் மட்டும் காம்பேக்கின் விற்பனை 11.1 கோடி டாலர். 1984-இல் பீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனம், இவ்வாறே எழுதிய பயாஸை யாருக்கும் விலைக்குத் தர முன்வந்தது. பணம் கொடுத்த எவரும் ஐ.பி.எம்.மை ஒத்த தாய்ப்பலகையைச் செய்யலாம் என்ற நிலை பிறந்தது. தைவான் நாட்டுத் தொழிற்சாலைகள் இத்துறையில் வேகமாக வளர்ந்தன.

ஐ.பி.எம். விழித்துக்கொண்டு, 1987 ஏப்ரலில் பி.எஸ்.-2 என்னும் புதிய வரிசையை வெளியிட்டது. அதன் 'மைக்ரோ சானல்' தடம் பழையதைவிட உண்மையில் சிறந்ததே. ஆனால் பழைய கார்டுகள் அதில் பொருந்தா. புதியவற்றைச் செய்ய ஐ.பி.எம்.மிடம் உரிமம் பெற வேண்டும். 1988-இல் காம்பேக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய கார்டுகளையும் ஏற்கும் வேறொரு தடத்தை அறிவித்தன. நாளடைவில் இரண்டுமே வீட்டுக் கணிப்பொறிகளில் நிலைக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் மட்டுமே தரத்தை ஆணையிடும் காலம் முடிந்தது. 1992-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பி.சி.ஐ. தடம் எங்கும் பரவியது. 2003-இல் அதன் வழித்தோன்றலான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்தது. 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரம், தாய்ப்பலகையின் அளவு 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர் என்றும், திருகுத் துளைகள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்றும், மின் இணைப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்றும் வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் கேபினட்டில் மற்றொரு நிறுவனத்தின் பலகை துளைக்குத் துளை பொருந்துவது இதனால்தான்.

நம் நாட்டிலும் இதன் பயன் தெரிந்தது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் சேர்ந்து, சுங்க வரியைப் படிப்படியாக நீக்கியது. மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற சென்னை ரிச்சி தெருவில், பாகங்களைப் பொறுக்கி வாங்கிப் பொருத்திய 'அசெம்பிள்டு' கணிப்பொறிகள் எளிய குடும்பங்களையும் எட்டின.

எதைக் குறைக்கலாம்?

இனி மாணவரின் தாளுக்கு வருவோம். அவருக்கு வேண்டியவை நிரல் எழுதுதல், பாட வேலைகள், எப்போதாவது விளையாட்டு. தாளில் அதிக விலையுள்ளது கிராபிக்ஸ் கார்டு. காட்சித் திறன் உள்ளடங்கிய செயலியைத் தேர்ந்தால், அக்கார்டு இன்று தேவையில்லை. தாய்ப்பலகையில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாய் காலியாகக் காத்திருக்கும். நினைவகத்திலும் இரண்டுக்கு ஒன்று இப்போது போதும். மற்றதைப் பிறகு செருகலாம்.

ஆனால் பிறகு மாற்றுவதற்குக் கடினமானவற்றில் சிக்கனம் கூடாது. செயலியின் அடிப்பாகமும் தாய்ப்பலகையின் பொருத்துமிடமும் ஒரே இனமாக இருக்க வேண்டும். டி.டி.ஆர்.-4, டி.டி.ஆர்.-5 ஆகிய நினைவகங்கள் இரண்டுக்குமே 288 முனைகள்தாம். எனினும் வெட்டுப்பள்ளத்தின் இடம் வேறாதலால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. ஆகவே வெற்றிடங்கள் உள்ள நல்ல தாய்ப்பலகை முதன்மையானது.

அடுத்தது மின்வழங்கி. பலர் பணத்தை மிச்சம் பிடிப்பது இங்கேதான், அது தவறு. செயலிக்கு 65 வாட், பின்னர் வரப்போகும் கார்டுக்கு 150 வாட், மற்றவற்றுக்கு 50 வாட் என்றால் கூட்டு 265 வாட். செயலியும் கார்டும் கணநேரம் கூடுதலாக இழுக்கக்கூடும். ஆகவே 450 வாட் மின்வழங்கி தகும். 12 வோல்ட்டில் 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர் மின்னோட்டம்! கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது பள்ளியில் படித்த விதியே. மெல்லிய கம்பியும் தளர்ந்த இணைப்பும் உள்ள மலிவான மின்வழங்கி, மற்ற ஆறு உருப்படிகளையும் ஆபத்துக்குள்ளாக்கும். நாளைய கார்டையும் கணக்கில் சேர்த்தே இன்றைய மின்வழங்கியை வாங்க வேண்டும்.

இன்று பல மடிக்கணினிகளிலும் சிறு கணிப்பொறிகளிலும் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. தடங்களின் நீளம் குறைவதால் வேகமும், இடச் சிக்கனமும் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு தேவைப்படுவதற்கும் முதல் நாளிலேயே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு சில்லு பழுதானால் பலகையையே மாற்ற நேரிடலாம். வசதி உள்ளவருக்கு இது பெரிதல்ல. மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாக ஒதுக்குகிற குடும்பத்துக்கு இது பெரிய வேறுபாடு.

மாணவர் தம் தாளில் கிராபிக்ஸ் கார்டு என்ற வரியை அடித்தார். அதன் பக்கத்தில் 'அடுத்த ஆண்டு' என்று எழுதிக்கொண்டார். கூட்டுத்தொகை தந்தையாரின் கணக்குக்குள் வந்துவிட்டது. நூறு முனைத் தடத்தை அமைத்தவரும், எட்டுச் செருகுவாய்களை வைத்தவரும், பூட்டை நேர்வழியில் திறந்தவர்களும் இல்லாதிருந்தால், அவ்விரு சொற்களை எழுத அத்தாளில் இடமிருந்திருக்காது.