சிங்காநல்லூர்: மாதச் சம்பளத்தில் வாழ்ந்த கலைப்பேட்டை

1930களின் பிற்பகுதி முதல் 1950களின் நடுப்பகுதி வரை கோவையின் சிங்காநல்லூரும் புலியகுளமும் திரைக்கலைஞர்கள் சேர்ந்து வாழ்ந்த பேட்டைகளாக விளங்கின. பாரிசின் மோன்மார்த்தில் குறைந்த வாடகை ஓவியர்களை ஈர்த்தது. சிங்காநல்லூரில் கலைஞர்களைக் கூட்டிவைத்தது படக்கம்பெனியின் மாதச் சம்பளம். அப்பேட்டையின் வளர்ச்சிக்கும் சரிவுக்கும் அச்சம்பளமே முதன்மைக் காரணம்.

கோவையில் திரைப்படத்துக்கான களம் முன்பே அமைந்திருந்தது. 1905இல் ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. ஆலை முதலாளிகளின் பணம் திரைப்படத்துக்கும் பாய்ந்தது. அப்படி உருவானதுதான் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ. மில் தொழிலாளிக்கு இருந்ததைப் போலவே நடிகர், வசனகர்த்தா, வாத்தியக்காரர் எல்லோருக்கும் கம்பெனிச் சம்பளம் உண்டு. ஆகவே அவர்கள் ஸ்டுடியோவை ஒட்டியே குடியிருந்தனர்.

1940களில் ஜுபிடர் பிக்சர்ஸ் என்ற படக்கம்பெனி இந்த ஸ்டுடியோவில் படமெடுத்த ஆண்டுகள் இப்பேட்டையின் உச்சக் காலம். எம்.ஜி.ஆர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ஜுபிடரின் 'ராஜகுமாரி' 1947இல் வெளிவந்தது. அதற்கு வசனம் எழுத வந்த மு. கருணாநிதி சிங்காநல்லூரில் குடியிருந்தார். இருவரின் நட்பும் இங்கேதான் வேர்விட்டது. காந்தியப் பற்றுள்ள நடிகரும் சுயமரியாதை இயக்க எழுத்தாளரும் அன்றாடம் சந்தித்துப் பேச, ஒரே கம்பெனியின் வேலை இடம் கொடுத்தது. பின்னாளில் இசையமைப்பாளரான எம்.எஸ். விசுவநாதன் அதே கம்பெனியில் எடுபிடிப் பையனாக இருந்து, இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியத்தருகே தொழில் பழகினார். கற்றவரும் கற்பவரும் அருகருகே வாழ்ந்ததால் குருகுல முறை ஸ்டுடியோவுக்குள்ளேயே தொடர்ந்தது.

சென்ட்ரல் ஸ்டுடியோவிலிருந்து பிரிந்த எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1945இல் புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டுடியோவைத் தொடங்கினார். நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவி அவர் எடுத்த 'மலைக்கள்ளன்' 1954இல் வெளிவந்து, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படமானது. அதன் இந்தி வடிவமான 'ஆசாத்' 1955இல் திலீப்குமார், மீனாகுமாரி நடிப்பில் வந்தது.

கோவையில் வசதி போதாமையால்தான் திரைத்தொழில் சென்னைக்குப் போனது என்று சொல்வதுண்டு. 'மலைக்கள்ளன்' அக்கருத்தை மறுக்கிறது: ஜுபிடர் சென்னைக்கு இடம்பெயர்ந்தபின்னும் பல மொழிகளில் படமெடுக்கும் திறன் கோவையில் இருந்தது. ஆனால் சம்பளப் பட்டியல் கம்பெனியோடு சென்னைக்குப் போய்விட்டது. விசுவநாதன் போன்ற இளைஞர்கள் அதைத் தொடர்ந்தே சென்னை சேர்ந்தனர். அதன்பின் பட்சிராஜாவுக்கு வந்த நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு வந்து, முடிந்ததும் திரும்பியவர்கள். ஊரில் குடியேறியவர்கள் அல்லர்.

ஆகவே ஸ்டுடியோக் கட்டடங்கள் மட்டும் ஒரு கலைப்பேட்டையைக் காப்பாற்றுவதில்லை. நிலையான வருமானமும் அருகிலேயே குடியிருப்பும் இருந்தவரை சிங்காநல்லூர் கலைஞர்களை உருவாக்கியது. அவை நீங்கியதும் கோவை படப்பிடிப்புத் தலமாகச் சுருங்கியது.