பயணியும் நிழற்படமும்

புனே நகரில் குடியேறிய தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், அவர்களை அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் சனிவார் வாடா ஒன்று. தில்லி வாயிலின் முன்னே அனைவரையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதும் வழக்கம். அப்படத்தில் விழுவன கோட்டை மதிலும் வாயிலுமே. உள்ளே இருந்த அரண்மனை அதில் இல்லை. முதலாம் பாஜிராவ் 1730இல் கட்டத் தொடங்கிய அம்மாளிகை 1828 பிப்ரவரியில் தீக்கிரையாயிற்று. தாகேர் கண்ட நிழற்பட முறை பாரிஸில் வெளியிடப்பட்டதோ 1839இல். பதினோரு ஆண்டு இடைவெளியால், பேஷ்வாக்களின் அரண்மனைக்கு ஒரு நிழற்படங்கூட எஞ்சவில்லை.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்கோ வேறு விதி வாய்த்தது. சென்னை ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் அது பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முன் அது சிதைந்து கிடந்த கோலத்தை நாம் இன்றும் காணலாம். 1858இல் அங்கு வந்த ஒரு பயணியின் படங்களே அதற்குச் சான்று.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். சென்னைப் படையில் காப்டனாக இருந்த அவரை, அரசாங்கம் 1856இல் தன் நிழற்படக்காரராக நியமித்தது. 1857ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படம் பிடித்தார்.

அந்நாளில் அது எளிய காரியமன்று. ஓரடிக்குக் குறையாத அகலமுள்ள காகிதத்தில் மெழுகேற்றி, மருந்து தோய்த்து, ஒளி படாமல் காத்துக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். நடமாடுவோர் அதில் தெளிவாகப் பதியமாட்டார். வெயிலின் கொடுமையில் காகிதம் கெட்டால் உழைப்பு முழுதும் வீண். ஆகவே, எங்கே நிற்பது, கதிரவன் எப்போது எப்பக்கம் வருவான் என்பவற்றையெல்லாம் முன்னரே ஆராய்ந்துதான் காமிராவைத் திறக்க இயலும். பார்ப்பதற்குச் செலவிட்ட நேரமே அதிகம். படம் எடுத்த நேரம் சொற்பம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த செயல் வியப்பிற்குரியது. ஓங்கி நிற்கும் விமானத்தைப் படமெடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளையும் பகுதி பகுதியாகப் பிடித்தார். அவ்வாறு எடுத்த 21 படங்களை ஒட்டினால் ஏறத்தாழ 19 அடி நீளம். அக்கோயிலின் கல்வெட்டுகளை ஹுல்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891இல்தான். எனினும், இத்தகைய பணி வீண் ஆடம்பரம் என்று கருதிய ஆளுநர் டிரெவெல்யன் 1859இல் அதை நிறுத்தச் செய்தார். அன்று ஆடம்பரமாகத் தோன்றியது இன்று ஆவணமாகிவிட்டது.

இவ்வரலாற்றை அறிந்தபின் என் பிழையொன்று எனக்கு விளங்கிற்று. ஒருமுறை விடுமுறையில் சொந்த ஊர் சென்று, கோயில் கோபுரத்தை முப்பது படங்கள் எடுத்தேன். தெருமுனையிலிருந்த எங்கள் பழைய திண்ணை வீட்டை ஒருமுறையேனும் எடுக்கத் தோன்றவில்லை. அடுத்த முறை சென்றபோது வீடு இருந்த இடம் வெறும் மனையாய்க் கிடந்தது. கோபுரமோ அப்படியே நின்றது.

வெளியூரில் வாழும் நமக்கு ஊர்ப்பயணம் ஆண்டுக்கு ஒருமுறையே கிட்டுகிறது. இன்று கைபேசியில் நொடிக்கொரு படம் எடுக்கலாம். அதனாலேயே பார்ப்பதை மறந்துவிடுகிறோம். இடத்தை ஒருமுறை சுற்றிவந்த பிறகு எடுத்தல் நலம். சாய்ந்த வெயிலில் கல்லின் செதுக்கல்கள் நன்கு துலங்கும்; உச்சிவெயிலில் மங்கும். தில்லி வாயில் வடக்கு நோக்கியதாதலால், குளிர்காலத்தில் அதன் முகப்பு நிழலிலேயே இருக்கும். கோடைக் காலையும் மாலையுமே அதற்கு ஏற்றவை. எடுத்த படத்துக்கு ஊர், பெயர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. குறிப்பில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு ஊமையாகிவிடும்.

நிலைத்து நிற்பவற்றைப் படமெடுக்கப் பலர் உளர். நாளை இல்லாமற்போகக்கூடிய திண்ணையையும், கிணற்றடியையும், பாட்டி அமர்ந்திருக்கும் முற்றத்தையும் படமெடுக்க நம்மையன்றி வேறொருவர் இல்லை.